யாருக்கு அது தற்காலிகம்?

2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் அகமதாபாத்துக்குக் கிடைத்திருப்பதை வரவேற்று அண்மையில் வெளியான ஒரு கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நம்ப முடியாமல் படித்தேன். இரண்டாம் முறை கையில் பென்சிலோடு படித்தேன். எழுதியவர் நகரங்களைப் பற்றி நெடுங்காலமாக எழுதிவருபவர். அவருடைய பழைய கட்டுரைகளைப் பிரதி எடுத்து நானே பலருக்கும் படிக்கக் கொடுத்திருக்கிறேன். விவரம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். விவரம் தெரிந்தவர், விவரங்களை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதியிருக்கிறார். அதனால்தான் இந்த எதிர்வினை.

அவர் வாதத்தின் பலத்தைக் குறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய விளையாட்டு விழா நடக்கும் நகரத்தில் சாலைகள் தோண்டப்படும், போக்குவரத்து திருப்பிவிடப்படும், சில மாதங்கள் தூசியும் நெரிசலும் இருக்கும். கல்யாண வீட்டில் நாலு நாள் அடுப்படி கலைந்து கிடப்பதைப் போலத்தான் இது. விழா முடிந்த பிறகு நகரத்துக்கு மெட்ரோவும் மேம்பாலமும் விமான நிலையமும் அரங்கங்களும் மிஞ்சும். நாள் குறித்துவிட்டால்தான் நம் அரசாங்கங்கள் வேலை செய்யும்; போட்டி அப்படியொரு நாளைக் குறித்துக் கொடுக்கிறது. தில்லி 2010-இல் பெற்ற பயனை ஊழல் கூச்சலில் நாம் மறந்துவிட்டோம். ஆகவே தற்காலிக இடைஞ்சல்களுக்காக முனகாமல் அகமதாபாத்துக்கு வழிவிட வேண்டும். இவ்வளவுதான் அவர் சொல்வது.

கல்யாண வீட்டு உவமையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கட்டுரை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. கல்யாண வீட்டில் தூக்கம் கெடுவது அந்த வீட்டாருக்கு. முகூர்த்தம் முடிந்ததும் வரும் நிறைவும் அவர்களுக்கே. தெருவை அடைத்துப் பந்தல் போடுவதென்றால் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். எதிர்வீட்டுக்காரரும் பந்தியில் உட்காருவார். பந்தக்கால் ஊன்ற இடம் போதவில்லை என்று பக்கத்து வீட்டுச் சுவரை இடித்தவர்களை நான் எந்த ஊரிலும் கண்டதில்லை. தில்லியில் இடித்தார்கள். சுவரை மட்டுமல்ல, வீட்டையே இடித்தார்கள். இடிபட்டவர்களுக்குப் பந்தியில் இலை போடவும் இல்லை.

2010-இல் நான் தில்லியில் இருந்தேன். ஜங்புராவில் வீடு, கன்னாட் பிளேஸ் பக்கம் வேலை. ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். கட்டுரையாளர் எழுதும் அந்தச் ‘சில மாதங்க’ளை நான் முழுவதும் அனுபவித்தவன். அவை சில மாதங்கள் அல்ல. 2008 கோடையில் தொடங்கி மூன்று கோடைகளையும் மூன்று மழைக்காலங்களையும் தோண்டிப்போட்ட சாலைகளில் கடந்தோம். ஏழெட்டு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பேருந்தில் நின்றபடி போன நாட்கள் உண்டு. அதை ஒரு குறையாக இங்கே வைக்கவில்லை. எனக்கு மாதச் சம்பளம் இருந்தது. தாமதமாகப் போனால் மேலாளர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். அதே பேருந்தில் அன்றாடக் கூலிக்குப் போனவர்கள் இருந்தார்கள். ஒன்பது மணிக்கு ஆள் எடுத்து முடித்துவிடும் இடத்துக்குப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் அன்றைய சோறு போனது. கட்டுரையாளர் முனகல் என்று எழுதுகிறாரே, அந்தச் சொல்லை இவர்கள் முகத்தைப் பார்த்து அவரால் சொல்ல முடியுமா?

அந்த மூன்று ஆண்டுகளும் ஏன் அப்படி இருந்தன என்பதை அவர் ஒரு வரியில்கூடக் கேட்கவில்லை. போட்டிகளைத் தில்லிக்குக் கொடுத்தது 2003 நவம்பரில், ஜமைக்காவின் மாண்டெகோ பே நகரில் நடந்த வாக்கெடுப்பு. கனடாவின் ஹாமில்டன் நகரத்தை 46க்கு 22 என்று தோற்கடித்து வாங்கினோம். போட்டிகள் தொடங்கியது 2010 அக்டோபர் 3. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கையில் இருந்தன. 2011 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) அறிக்கை 2003 இறுதியிலிருந்து 2006 நடுப்பகுதிவரை இருந்த அவகாசம் வீணடிக்கப்பட்டது என்று பதிவுசெய்திருக்கிறது. செலவு 18,532 கோடி ரூபாய் என்ற கணக்கும் அதே அறிக்கையில் இருக்கிறது. ஏழாண்டு வேலையை மூன்றாண்டில் திணித்தார்கள். அந்தத் திணிப்புதான் நாங்கள் தின்ற தூசி.

ஒரே தெருவுக்கு ஆறு எசமானர்கள். மத்தியப் பொதுப்பணித் துறை, தில்லிப் பொதுப்பணித் துறை, மாநகராட்சி, புது தில்லி நகராட்சி, தில்லி வளர்ச்சி ஆணையம், மெட்ரோ நிறுவனம். ஒருவர் மூடிய பள்ளத்தை அடுத்தவர் திறந்தார். நன்றாக இருந்த நடைபாதைக் கற்களைப் பெயர்த்துவிட்டுப் புதிய கற்களைப் பதித்தார்கள். அரங்கங்களைச் சுற்றிய சாலைகளை அழகுபடுத்த கிலோமீட்டருக்குச் சராசரியாக 4.8 கோடி ரூபாய் ஆனது என்று சி.ஏ.ஜி. எழுதி, அந்தத் திட்டத்தில் ஒரு ஒருங்கிணைந்த பார்வையே இல்லை என்றும் சொன்னது. 2010-இல் நல்ல மழை. செப்டம்பரில் யமுனையில் வெள்ளம். தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கியது, கொசு பெருகியது, அந்த ஆண்டு தில்லியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு படுக்கையில் இரண்டு பேர் படுத்திருந்ததை நான் பார்த்தேன். இதையும் கலைந்த அடுப்படிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டுமா?

கன்னாட் பிளேஸ் கதை தனி. மெட்ராஸ் ஹோட்டல் என்று இன்றும் பேருந்து நடத்துநர்கள் கூவுகிற நிறுத்தத்தில்தான் நான் தினமும் இறங்குவேன். அந்த வட்டச் சந்தையைப் புதுப்பிக்க முதலில் போட்ட மதிப்பீடு 76 கோடி. பிறகு அது 671 கோடி ஆனது. போட்டிக்குள் முடிக்க வேண்டிய வேலை போட்டி வந்தபோது முடிந்திருக்கவில்லை. பள்ளங்களைத் தட்டி வைத்து மறைத்தார்கள். வெளிநாட்டு விருந்தினர்கள் போன பிறகு தட்டிகளை அகற்றி மறுபடியும் தோண்டினார்கள். கடைவாசலில் பலகையைப் பாலமாகப் போட்டு வாடிக்கையாளரைக் கைபிடித்து உள்ளே அழைத்த வியாபாரிகளை 2011-இலும் பார்த்தேன், அதன் பிறகும் பார்த்தேன்.

இங்கே அவர் வைக்கும் பெரிய வாதம் வருகிறது. நாள் குறித்தால்தான் வேலை நடக்கும் என்பது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அவருக்குச் சாதகமான ஓர் உதாரணத்தை நானே தருகிறேன். சராய் காலே கானிலிருந்து நேரு அரங்கம்வரை ஓடும் பாராபுல்லா உயர்மட்டச் சாலையின் முதல் கட்டம் 2010 போட்டிக்காகக் குறித்த காலத்தில் முடிந்தது. அதே சாலையை மயூர் விஹார்வரை நீட்டும் பிற்காலக் கட்டம், போட்டி எதுவும் கழுத்தைப் பிடிக்காததால், பத்தாண்டு இழுத்து 2025 முடியும்போதும் முடியாமல் கிடந்தது. பார்த்தீர்களா என்று அவர் கேட்கலாம்.

ஆனால் அந்த நீட்டிப்பு எதனால் நின்றது என்று பாருங்கள். நிலம் எடுப்பதற்குச் சட்ட நடைமுறையும் உடைமையாளர்களுக்கு இழப்பீடும் வேண்டியிருந்தது. மரம் வெட்ட அனுமதி வேண்டியிருந்தது. அதாவது சட்டப்படி கேட்க வேண்டியவர்களைக் கேட்க வேண்டியிருந்தது. முதல் கட்டத்தில் அந்தக் கேள்விகளை நாள் முந்திக்கொண்டது. அப்துர் ரஹீம் கான்-இ-கானாவின் கல்லறைக்கு அருகே தூண் எழும்புகிறதே என்று எழுந்த ஆட்சேபம் வேலையை நிறுத்தவில்லை. அந்தச் சாலை எழுந்த ஓடையின் கரையில் குடியிருந்தவர்களின் ஆட்சேபத்துக்கோ காதே கொடுக்கவில்லை. அவசரத்தைக் காரணம் காட்டி வழக்கமான டெண்டர் நடைமுறைகள் தவிர்க்கப்பட்டன என்பது சி.ஏ.ஜி.யின் மையமான குற்றச்சாட்டு. முதல் இரண்டரை ஆண்டுகளை வீணாக்கியவர்களே அந்த வீணடிப்பைக் காட்டி விதிகளிலிருந்து விலக்கு வாங்கினார்கள். குறித்த நாள் தந்த வேகம் கேட்காமல் செய்வதால் வந்த வேகம். அதைத்தான் இவர் நிர்வாகத் திறன் என்று பாராட்டுகிறார்.

அந்த வேகத்தின் தரத்தையும் பார்த்தோம். 2010 செப்டம்பர் 21 அன்று, தொடக்க விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, நேரு அரங்கத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் சரிந்து விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். மறுநாள் அரங்க வளாகத்தில் பளுதூக்கும் கூடத்தின் மேற்கூரைப் பலகைகள் விழுந்தன. கடைசியில் ராணுவப் பொறியாளர்கள் வந்து சில நாட்களில் ஓர் இரும்புப் பாலத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். பாலம் விழுந்த அன்று மாலை ஆம்புலன்ஸ் சத்தம் எங்கள் தெருவரை கேட்டது.

அடுத்தது மெட்ரோவும் விமான நிலையமும். போட்டி இல்லாவிட்டால் தில்லிக்கு இவை வந்திருக்காது என்று அடித்துச் சொல்கிறார். தில்லி மெட்ரோ நிறுவனம் தொடங்கப்பட்டது 1995-இல். ஷாஹ்தராவிலிருந்து தீஸ் ஹஸாரிவரை முதல் ரயில் ஓடியது 2002 டிசம்பரில். அப்போது போட்டி தில்லிக்கு வழங்கப்படவே இல்லை. இரண்டாம் கட்டத்தைப் போட்டி விரைவுபடுத்தியது உண்மை. மத்தியச் செயலகத்திலிருந்து நேரு அரங்கம் வழியாகச் சரிதா விஹார் போகும் தடம் தொடக்க விழா நடந்த அன்றே ஓடத் தொடங்கியது. அதில் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் விருந்தினர்களை ஏற்றி வருவதற்காகத் திட்டமிட்ட விமான நிலைய விரைவுத் தடம் அவர்கள் ஊருக்குத் திரும்பி நான்கு மாதம் கழித்து, 2011 பிப்ரவரியில்தான் திறந்தது.

போட்டி எதுவும் நடத்தாத ஊர்களையும் இவர் பார்த்திருக்கலாம். பெங்களூரும் ஹைதராபாதும் 2008-இலேயே புதிய விமான நிலையங்களைத் திறந்தன. மும்பையின் புதிய முனையம் 2014-இல் வந்தது. பெங்களூருக்கு 2011-இலும் சென்னைக்கு 2015-இலும் ஹைதராபாதுக்கு 2017-இலும் மெட்ரோ வந்தது. கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு முதல் ரயில் ஓடுவதற்குச் சென்னை எந்த நாட்டு இளவரசரையும் தொடக்க விழாவுக்கு அழைக்க வேண்டியிருக்கவில்லை. நகரத்துக்கு வேண்டியதை நகரத்தில் வாழ்பவர்களுக்காகவே கட்ட முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே இத்தனை சாட்சிகள் இருக்கின்றன. இவற்றை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டு நாள் விருந்தாளி வந்ததால்தான் வீட்டில் விளக்கு எரிந்தது என்று எழுதுவது சொந்த மக்களை அவமதிப்பது.

அந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முக்கியச் சாலைகளில் ஒரு தடத்தைப் போட்டி வாகனங்களுக்கென்று கோடு போட்டு ஒதுக்கினார்கள். வேறு யாராவது அதில் நுழைந்தால் 2,000 ரூபாய் அபராதம். பள்ளிகளையும் கல்லூரிகளையும் மூடினார்கள். பல்கலைக்கழக விடுதிகள் சிலவற்றிலிருந்து மாணவர்களை ஏற்கெனவே வெளியேற்றியிருந்தார்கள், விருந்தினருக்காக அறைகளைச் செப்பனிட. ஏழைகள் ஏறும் ப்ளூலைன் பேருந்துகளைச் சாலையிலிருந்து விலக்கினார்கள். போக்குவரத்து சீராக இருந்தது என்று கட்டுரையாளர் மெச்சுகிறார். ஊரை வீட்டுக்குள் அடைத்துவிட்டால் சாலை சீராகத்தான் இருக்கும்.

அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த்வரை, பேருந்துகளுக்கென்று தனித் தடம் ஒன்று 2008-இல் தொடங்கப்பட்டது. ஆறு கிலோமீட்டருக்கும் குறைவான அந்தத் தடத்தால் கார்களுக்கு இடம் சுருங்கிவிட்டது என்று பத்திரிகைகள் நாள் தவறாமல் எழுதின. நீதிமன்றம்வரை போனார்கள். 2016-இல் அதைப் பெயர்த்தே போட்டார்கள். பல்லாயிரம் பேர் தினமும் வேலைக்குப் போகும் பேருந்துக்கு ஒரு தடம் கொடுப்பதைச் சகிக்காத நகரம், அதிகாரிகள் ஏறிய போட்டி வாகனங்களுக்குக் கேட்டவுடன் தடம் கொடுத்தது. சாலையில் இடமில்லை என்பது பொய் என்று எனக்கு அன்று புரிந்தது. யாருக்கு இடம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சாலையோர வியாபாரிகளுக்கு இடமில்லை. போட்டிக்கு முந்தைய மாதங்களில் அரங்கப் பகுதிகளிலும் சந்தைகளிலும் தள்ளுவண்டிகளை அகற்றினார்கள். நிறைவு விழாவுக்கு ஆறு நாள் முன்பு, அக்டோபர் 8 அன்று, உச்ச நீதிமன்றம் கெய்ந்தா ராம் வழக்கில் தீர்ப்பளித்தது. சாலையோரம் வியாபாரம் செய்வது அடிப்படை உரிமை, அதற்குச் சட்டம் இயற்றுங்கள் என்றது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று எங்கள் சந்தை முனையில் ஒரு தள்ளுவண்டியும் இல்லை. சட்டம் வர 2014 ஆயிற்று. அங்கே ஆலு டிக்கி விற்றுக்கொண்டிருந்த முதியவரை நான் மறுபடி பார்க்கவில்லை. அவருக்கு அந்த இடைஞ்சல் தற்காலிகமாக இருந்ததா என்று எனக்குச் சொல்ல யாருமில்லை.

இனி அந்த ஓடைக்கு வருகிறேன். இவ்வளவும் எழுதக் காரணம் அதுதான்.

பாராபுல்லா நாலா என்பது தெற்கு தில்லியின் மழைநீரையும் சாக்கடையையும் யமுனைக்குக் கொண்டுபோகும் ஓடை. ஜஹாங்கீர் காலத்துக் கற்பாலம் ஒன்றால் வந்த பெயர். இதன் கரையில், ஜங்புராவை ஒட்டி, தமிழர் குடியிருப்பு பல பத்தாண்டுகளாக இருந்தது. விழுப்புரம், சேலம் பக்கங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். பெண்கள் ஜங்புரா, போகல், நிஜாமுதீன் வீடுகளில் பாத்திரம் தேய்த்தார்கள், சமைத்தார்கள். பிள்ளைகள் லோதி சாலைத் தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள். தலைநகரில் நாங்கள் தமிழில் பேரம் பேசியதும், தமிழில் சண்டை போட்டதும், ஆடி மாதம் கூழ் குடித்ததும் இவர்களால்தான்.

போட்டியாளர்கள் தங்கும் கிராமத்தை யமுனைக்கு அந்தப் பக்கம் கட்டினார்கள். ஓடும் இடம் நேரு அரங்கம். இரண்டுக்கும் நடுவே நகரம் இருந்தது. நகரத்தின் நெரிசலில் வீரர்கள் சிக்கக் கூடாது என்று முதலில் சுரங்கப் பாதை யோசித்தார்கள். ஹுமாயூன் கல்லறைப் பகுதி என்பதால் அது கைவிடப்பட்டது. பிறகு அந்த ஓடையிலேயே தூண்களை ஊன்றி மேலே நான்கு கிலோமீட்டர் சாலையைத் தூக்கினார்கள். ஹவுசிங் அண்ட் லேண்ட் ரைட்ஸ் நெட்வொர்க் அமைப்பு ஆவணப்படுத்தியிருப்பதன்படி, 2010 ஏப்ரல் 15 அன்று ஜங்புரா பாராபுல்லா நாலாவில் 368 தலித் தமிழ்க் குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. காரணம், நேரு அரங்கத்துக்குக் கார் நிறுத்துமிடம் வேண்டும்.

இந்த வாக்கியத்தைக் கட்டுரையாளர் மெதுவாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மருத்துவமனைக்காக இடிக்கவில்லை. தண்ணீர்க் குழாய்க்காக இடிக்கவில்லை. பன்னிரண்டு நாள் போட்டிக்கு வருகிறவர்களின் கார் நிற்பதற்காக.

எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மா அந்தக் குடியிருப்பில்தான் இருந்தார். அந்த வாரம் ஒரு காலை வந்து, வாசல்படியைத் தாண்டாமல் நின்று, “ரெண்டு மூட்டை மட்டும் உங்க வீட்ல வெச்சுக்கட்டுமா அக்கா?” என்று என் மனைவியைக் கேட்டார். ஒரு மூட்டையில் பாத்திரம். இன்னொன்றில் துணியும், பிளாஸ்டிக் உறையில் போட்ட ரேஷன் அட்டையும், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும். பால்கனியில் வைத்தோம். போட்டிகள் தொடங்கின, முடிந்தன. தீபாவளி வந்தது. தில்லியின் குளிர் வந்தது. மூட்டைகள் அங்கேயே இருந்தன.

இதே ஆண்டுகளில்தான் இன்னொன்றும் நடந்தது. பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டத்துக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து 744 கோடி ரூபாயைத் தில்லி அரசு காமன்வெல்த் வேலைகளுக்குத் திருப்பியிருந்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளியே வந்தது. அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் அது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. தலித் மக்களின் வீட்டுக்கும் படிப்புக்கும் போக வேண்டிய பணம் போட்டிக்குப் போனது. போட்டியின் கார்களுக்காகத் தலித் மக்களின் வீடு போனது. கட்டுரையாளர் தன் கட்டுரையில் பயன் என்ற சொல்லைப் பலமுறை எழுதியிருக்கிறார். நான் பென்சிலால் ஒவ்வொன்றிலும் வட்டம் போட்டுப் பக்கத்தில் யாருக்கு என்று எழுதினேன். ஒன்றுக்கும் அவரிடம் பதில் இல்லை.

நேர்மைக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே ஓடைக்கரையில் மீதமிருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது விளையாட்டுக்காக அல்ல. ஓடையைத் தூர்வாரத் தடையாக இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி இடித்தார்கள். சுமார் 370 குடும்பங்கள். 189 குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். லோதி சாலைத் தமிழ்ப் பள்ளிக்கும் நரேலாவுக்கும் நாற்பது கிலோமீட்டர் இருக்கும். இதைப் போட்டியின் கணக்கில் நான் ஏற்றவில்லை. ஆனால் அதே ஓடையில் வரிசையாகத் தூண்களை ஊன்றி நிற்கும் உயர்மட்டச் சாலை அப்படியே இருக்கிறது, கரையில் இருந்த குடிசைகள்தான் தடை என்று முடிவாயிற்று. ஓர் இடத்து ஏழைகளை ஒருமுறை கேட்காமல் நகர்த்திப் பழகியவர்களுக்கு அடுத்த முறை எளிதாகிவிடுகிறது.

அரங்கங்களையும் சாலைகளையும் கட்டியவர்களைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. வேலைத்தளங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தது உயர் நீதிமன்ற வழக்கின்போது வெளியே வந்தது. குறைந்தபட்சக் கூலி இல்லை, தகரக் கொட்டகை வாழ்க்கை, கழிப்பறை இல்லை என்று நீதிமன்றம் அமைத்த குழுவே சொன்னது. இது தில்லிக்குப் புதிதும் அல்ல. இதே நேரு அரங்கத்தை 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக முதலில் கட்டியபோது, கூலியைக் குறைத்ததை எதிர்த்து மக்கள் ஜனநாயக உரிமை ஒன்றியம் உச்ச நீதிமன்றம் போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பு தடைசெய்த கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார். சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிற தீர்ப்பு அது. இருபத்தெட்டு ஆண்டு கழித்து, அதே அரங்கத்தைப் புதுப்பிக்கும்போது, அதே குற்றம் மறுபடியும் நடந்தது.

அந்த அரங்கத்தைப் புதுப்பிக்க ஆன செலவு 961 கோடி. நிரந்தரமான சொத்து என்று அவர் பட்டியலிடுவதில் முதல் பெயரும் அதுதான். அதை இடித்துவிட்டு 102 ஏக்கரில் விளையாட்டு நகரம் அமைக்கும் திட்டம் 2025 நவம்பரில் செய்தியாக வந்தது. தன் கட்டுரையை எழுதும்போது அவர் இதைப் படித்திருப்பார். நிரந்தரம் என்று சொன்ன அரங்கத்துக்குப் பதினைந்து ஆண்டுதான் ஆயுள் என்று முடிவு செய்திருக்கிறார்கள். தற்காலிகம் என்று சொன்ன இடைஞ்சலில் வீடிழந்தவர்களுக்கு அந்த வீடு திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு சொற்களையும் அவர் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்.

விளையாட்டின் மேல் எனக்கு வெறுப்பு என்று அவர் எழுதக்கூடும். 2010 அக்டோபரில் கிருஷ்ணா பூனியா வட்டெறிந்து தங்கம் வென்றபோது, அடுத்த இரண்டு பதக்கங்களும் இந்தியப் பெண்களுக்கே கிடைத்தபோது, மில்கா சிங்குக்கு 52 ஆண்டு கழித்து நம் தடகளத்துக்கு அந்தத் தங்கம் வந்தபோது, தொலைக்காட்சி முன் நான் அழுதேன். அந்தப் பெண்கள் யாரும் கார் நிறுத்துமிடம் கேட்கவில்லை. அவர்கள் பெயரைச் சொல்லி வீட்டை இடித்தவர்களோடு அவர்களைச் சேர்த்துப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன்.

அகமதாபாத்தைப் பற்றி எனக்கு இருப்பது அச்சம். 2020 பிப்ரவரியில் மோட்டேரா அரங்கத்தில் அமெரிக்க அதிபரை வரவேற்க விழா எடுத்தபோது, அவர் வரும் வழியில் இருந்த சரணியாவாஸ் குடிசைப் பகுதி கண்ணில் படாதிருக்க ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். தில்லியில் போட்டிச் சின்னமான ஷேரா புலியின் படம் போட்ட தட்டிகளால் மறைத்ததைப் பத்தாண்டு கழித்து அங்கே செங்கல்லால் மறைத்தார்கள். மூன்று மணி நேர நிகழ்ச்சி ஒன்றுக்கே இப்படி என்றால், பல ஆண்டு வேலைகளுக்கு என்ன நடக்கும் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

வேறு வழி இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 போட்டிகளை ஏற்றுக்கொண்டு, 260 கோடி டாலர் என்று போட்ட கணக்கு 600 கோடியைத் தாண்டுகிறது என்றதும் 2023 ஜூலையில் கைவிட்டது. அதை எடுத்துக்கொண்ட கிளாஸ்கோ, பத்து விளையாட்டுகள் போதும், ஏற்கெனவே இருக்கும் நான்கு வளாகங்கள் போதும், வீரர்களுக்குத் தனிக் கிராமம் வேண்டாம் என்று திட்டமிட்டது. ஒரு நகரம் தன் அளவுக்கு விழாவைச் சுருக்கிக்கொள்ள முடியும். சுருக்கச் சொல்லிக் கேட்பதற்குத்தான் நகரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வேண்டும்.

2030-க்கு அதிகக் காலம் இல்லை. முதல் குழி தோண்டப்படும் முன், எந்தச் சாலை எந்த மாதம் மூடப்படும், எத்தனை பேருந்துகள் எந்த வழியே திரும்பும், எந்தக் குடியிருப்பு நகர வேண்டும் என்று திட்டம் சொல்கிறது, அந்த மக்களை யார் எப்போது கேட்டார்கள், வேலைத்தளத்தில் கூலி எவ்வளவு என்ற விவரங்களை அவர் வாங்கி எழுதட்டும். அவருக்கு அதிகாரிகளைத் தெரியும், கேட்டால் கொடுப்பார்கள். அப்படியொரு கட்டுரை வந்தால் பழையபடி நானே பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுப்பேன்.